பழைய போலந்துத் திரைப்படச் சுவரொட்டிகளை வாங்குவது எப்படி? புதியவர்களுக்கான படிப்படி வழிகாட்டி

1950-களிலிருந்து 1980-களின் இறுதிவரை போலந்தில் அச்சான திரைப்படச் சுவரொட்டிகளைச் சேர்க்க விரும்புவோருக்காக, குறிப்பாகப் படிப்புக்கோ வேலைக்கோ வார்சாவிலும் கிராக்கோவிலும் வந்து தங்கியிருக்கும் நம்மவர்களுக்காக, இதை எழுதுகிறேன். அந்தச் சுவரொட்டிகளை வரைந்த ஓவியர்களைப் பற்றிப் படிக்க நிறையக் கிடைக்கிறது. ஆனால் கையில் இருக்கும் தாள் அசலா என்று பார்ப்பது எப்படி, எந்தச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும், வரி யார் பொறுப்பு, ஊருக்கு எப்படி அனுப்புவது என்பனவற்றை நான் கடை கடையாக விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. அந்த அலைச்சலை உங்களுக்கு மிச்சப்படுத்துவதே நோக்கம் என்பதால் வரலாற்றை ஒதுக்கிவிட்டு நேரே வேலைக்கு வருகிறேன்.

1. காசை எடுக்கும் முன் அசலைக் கண்ணால் பாருங்கள்

திரையில் மட்டுமே சுவரொட்டிகளைப் பார்த்துப் பழகியவருக்குத் தாளின் மெல்லிய தன்மையும், மையின் மங்கலான ஆழமும், அக்கால அச்சின் சிறு பிசகுகளும் பிடிபடுவதில்லை. வார்சாவின் விலானுஃப் அரண்மனை வளாகத்தில் 1968 முதல் இயங்கிவரும் சுவரொட்டி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். கண்காட்சிகளுக்கு இடையே அது மூடியிருப்பதுண்டு என்பதால் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது. அதன் பிறகு, ஏதேனும் ஒரு சுவரொட்டிக் கடையில் மலிவான 1970-களின் தாள் ஒன்றைக் கையில் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். நாகரிகமாகக் கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் மறுப்பதில்லை.

2. எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே நாலைந்து தாள்களைத்தான் கேட்கிறார்கள். ஹிட்ச்காக்கின் வெர்டிகோவுக்கு ரோமான் சியெஷ்லெவிச் 1963-இல் செய்தது, தி பேர்ட்ஸ் படத்துக்கு ப்ரோனிஸ்வாஃப் ஜெலெக் 1965-இல் செய்தது, காபரே படத்துக்கு விக்டர் குர்கா 1973-இல் செய்தது ஆகியவை அந்தப் பட்டியலில் எப்போதும் இருக்கும். இவற்றின் நல்ல அசல் பிரதிகள் ஆயிரக்கணக்கான ஸ்லோட்டிகளுக்கு (போலந்து நாணயம்) போகின்றன. அதனாலேயே மறு அச்சுகளும் இவற்றுக்குத்தான் அதிகம்.

என் யோசனை வேறு. படத்தின் புகழை மறந்துவிட்டு ஓவியரைப் பின்தொடருங்கள். யான் ம்வொடொஷெனியெட்ஸ், யெஜி ஃபிளிசாக், வால்டெமர் ஷ்வியெஜி போன்றவர்கள் ஹாலிவுட் படங்களுக்கு மட்டும் வரையவில்லை. இன்று யாரும் தேடாத சோவியத், செக்கோஸ்லோவாக், உள்ளூர்ப் படங்களுக்கும் அதே கைகளே அதே அக்கறையோடு உழைத்திருக்கின்றன. நான் பார்த்தவரையில் அத்தகைய தாள்கள் ஐம்பது ஸ்லோட்டியிலிருந்து முந்நூறு ஸ்லோட்டிக்குள் கிடைக்கின்றன; ஒரு ஸ்லோட்டி இருபது ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். யாரும் தேடாத படத்தை மறு அச்சிட்டு விற்பதால் எவருக்கும் லாபமில்லை என்பதால், போலித் தாள் கையில் வந்து சேரும் வாய்ப்பும் இங்கே மிகக் குறைவு. தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

3. மூன்று ஆண்டுகளைப் பிரித்து எழுதுங்கள்

ஒவ்வொரு சுவரொட்டிக்கும் படம் எடுக்கப்பட்ட ஆண்டு, போலந்துத் திரையரங்குகளுக்காகச் சுவரொட்டி அச்சான ஆண்டு, உங்கள் முன் இருக்கும் தாள் அச்சான ஆண்டு என மூன்று இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் இடையே பல ஆண்டு இடைவெளி இருப்பது சாதாரணம். சன்செட் புல்வார்ட் 1950-ஆம் ஆண்டுப் படம். ஷ்வியெஜியின் சுவரொட்டி 1957. ரோஸ்மேரிஸ் பேபி 1968-ஆம் ஆண்டுப் படம். வியெஸ்வாஃப் வவ்குஸ்கியின் சுவரொட்டி 1984. ஆகவே "1968 அசல்" என்று வவ்குஸ்கியின் தாளை ஒருவர் விற்றால், அவர் ஏமாற்றுகிறார் என்றில்லை, ஆனால் தாம் விற்பதைப் பற்றி அவருக்குத் தெரியாது என்பது உறுதி.

முதலிரண்டு ஆண்டுகளையும் வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். பிலிம்வெப் என்ற போலிஷ் திரைப்படத் தளத்தில் படத்தின் போலிஷ் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயரில் தேடினால் உள்ளூர் விற்பனையில் பாதிகூடக் கண்ணில் படாது. பிறகு, தேசியத் திரைப்படக் காப்பகமான ஃபிலிமோடேகா நரோடோவா இணையத்தில் வைத்திருக்கும் சுவரொட்டித் தொகுப்பில் அந்தப் பெயரைப் போட்டு, ஓவியரையும் ஆண்டையும் சரிபாருங்கள். ஒரே படம் மீண்டும் வெளியானபோது வேறொரு ஓவியர் புதிதாக வரைந்திருப்பதும் உண்டு. அதுவும் அசல்தான், விலைதான் வேறு. மூன்றாவது ஆண்டைக் கண்டுபிடிக்கத் தாளிடம்தான் போக வேண்டும்.

4. தாளைச் சோதியுங்கள்

வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி இது. பத்து மடங்கு உருப்பெருக்கும் சிறு லென்ஸ், அளவு நாடா, கைக்கு அடக்கமான புற ஊதா விளக்கு ஆகிய மூன்றும் போதும். மூன்றும் சேர்த்து ஒரு மலிவான சுவரொட்டியின் விலைக்குள் வந்துவிடும்.

முதலில் அளவு. அக்காலத் திரைப்படச் சுவரொட்டிகளில் பெரும்பாலானவை ஏ1 அளவை ஒட்டியவை, அதாவது ஏறத்தாழ 58-க்கு 84 சென்டிமீட்டர். கணிசமானவை பி1 அளவை ஒட்டியவை, ஏறத்தாழ 67-க்கு 97. வெட்டும்போது ஓரிரு சென்டிமீட்டர் முன்பின் ஆகியிருக்கலாம். பிற்கால மறு அச்சுகளில் பல, அசல் ஏ1-ஆக இருந்தாலும் பி1-இல் வந்தவை. அசலின் அளவைக் காப்பகத் தொகுப்பிலோ பழைய ஏலப் பட்டியல்களிலோ பார்த்துக் குறித்துக்கொண்டு போனால், கடையில் அரை நிமிடத்தில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்து, அடி ஓரம். பெரும்பாலான அசல்களில் கீழ் விளிம்பிலோ பக்கவாட்டிலோ பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். வெளியிட்ட நிறுவனத்தின் சுருக்கெழுத்து, அச்சு ஆணை எண், சிலவற்றில் அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கை, அச்சகம், விலை ஆகியவை அதில் வரும். எல்லாத் தாளிலும் எல்லாம் இருப்பதில்லை. நிறுவனப் பெயர் காலத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும். 1950-களிலும் 60-களிலும் சென்ட்ராலா வினாய்மு ஃபில்முஃப் என்ற அரசு வாடகை நிறுவனத்தின் சுருக்கம், அல்லது அச்சுப் பதிப்பகமான வாக் என்பதன் பெயர் இருக்கும், 1970-களில் திரைப்பட வினியோக ஒன்றியத்தின் சுருக்கமான ஸெட்-எர்-எஃப், 1980-களில் போல்ஃபில்ம். 1959-ஆம் ஆண்டுப் படத்தின் தாளில் போல்ஃபில்ம் என்ற பெயரைக் கண்டால், அது பின்னாளைய வெளியீட்டுக்கு உரியது.

ஆனால் அந்த வரி இருப்பதாலேயே தாள் அசலாகிவிடாது. பழைய பிரதியை அப்படியே படமெடுத்து அச்சிடுகிறவர்கள் அந்த வரியையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள். லென்ஸ் உதவுவது இந்த இடத்தில்தான். அசலில் அந்தப் பொடி எழுத்துகள் ஒரே மையில், முழுக் கோடாக, விளிம்பு தெளிவாக இருக்கும். படமெடுத்து அச்சிட்டதில் அவை நீலமும் சிவப்பும் மஞ்சளுமான புள்ளிகளாகச் சிதறித் தெரியும். சமமான ஒற்றை நிறப் பரப்புகளிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். தட்டையான சிவப்பு என்று நினைத்த இடத்தில் புள்ளிக் கூட்டம் தெரிந்தால், அதே ஓவியரின் சந்தேகமற்ற அசலோடு ஒப்பிடாமல் வாங்காதீர்கள். அதேபோல, மடிப்புத் தடத்தின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் மடிப்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால், மடிப்பும் அச்சில் வந்ததே.

பிறகு தாள். பழையவை பெரும்பாலும் மெல்லிய, மலிவான தாளில் அச்சானவை. விளிம்பிலிருந்து உள்நோக்கி மஞ்சள் ஏறியிருக்கும், பின்பக்கம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். மறு அச்சு கனமாகவும் பளிச்சென்றும் இருக்கும். புற ஊதா ஒளியில் தாள் நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது என்று பொருள். 1950-களுக்குப் பிறகு வெண்மையூட்டி பரவலாகப் பயன்பட்டது என்பதால், 1980-களின் தாளுக்கு இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. 1950-களின் தாள் பளீரென ஒளிர்ந்தால் மட்டும் நிச்சயமாகத் தயங்குங்கள்.

கையொப்பத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மறு அச்சுகளில் ஓவியர்கள் கையொப்பமிட்டு விற்றதுண்டு, அது முறையான வியாபாரமே. ஆனால் கையொப்பம் தாளை அசலாக்காது. சியெஷ்லெவிச் 1996-இலும் ஃபிரான்சிஷெக் ஸ்டாரோவியெய்ஸ்கி 2009-இலும் காலமானார்கள். அதற்குப் பின் அச்சான தாளில் அவர்கள் பேனாவின் தடம் இருந்தால் முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

5. எங்கே வாங்குவது

வார்சாவிலும் கிராக்கோவிலும் சுவரொட்டிகளுக்கென்றே கடைகள் இருக்கின்றன. கிராக்கோவின் ஸ்டோலர்ஸ்கா தெருவில் உள்ளது அவற்றில் நன்கு அறியப்பட்டது. இக்கடைகளில் அசலும் மறு அச்சும் ஒரே கூரையின்கீழ் இருக்கும், கேட்டால் எது எது என்று சொல்வார்கள். விலை சற்று அதிகம், ஆனால் முறையான விலைச்சீட்டு கிடைக்கும். முதல் சில தாள்களை இங்கே வாங்குவதே நல்லது.

பழம்புத்தகக் கடைகளை அங்கே அன்டிக்வாரியாட் என்பார்கள். சுவரொட்டி அவர்களுக்குப் பக்கத் தொழில் என்பதால் சில நேரம் விலை வியக்கும்படி குறைவாக இருக்கும். வார்சாவின் கோவோ சந்தை வார இறுதிகளிலும், கிராக்கோவின் ஹாலா தர்கோவா சந்தை ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூடுகின்றன. இரண்டுக்கும் விடியற்காலையில் ரொக்கத்தோடு போக வேண்டும். இங்கே சீட்டும் கிடையாது, திருப்பித் தரவும் முடியாது. லென்ஸைப் பயன்படுத்தத் தெரிந்த பிறகு போங்கள்.

இணையத்தில் அலெக்ரோவும் ஓஎல்எக்ஸும்தான் பிரதானம். இபேயில் அதே தாள் வெளிநாட்டினருக்கான விலையில் இருக்கும். தேசா யூனிக்கும் போன்ற ஏல நிறுவனங்களில் வருபவை தேர்ந்தெடுத்தவை. ஆயினும் சுத்தியல் விழும் விலையே நீங்கள் தரும் விலை அல்ல. ஏலக் கட்டணம் பெரும்பாலும் 20 விழுக்காட்டை ஒட்டி இருப்பதால், 1,000 ஸ்லோட்டிக்கு எடுத்த தாளுக்கு 1,200 அளவில் கட்ட வேண்டியிருக்கும். ஏல விதிகளின் அந்தப் பக்கத்தை முன்னரே படித்து, உங்கள் உச்ச வரம்பைக் கட்டணத்தையும் சேர்த்தே வகுத்துக்கொள்ளுங்கள்.

6. விற்பவரின் சொற்களைப் படியுங்கள், கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்

அலெக்ரோ விளம்பரங்களில் ஒரே சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரிகினாவ் என்றால் அசல். ரிப்ரிண்ட், வ்ஸ்னொவியெனியே, ரெப்ரொடுக்சியா என்ற மூன்றும் ஏதோ ஒரு வகையில் மறு அச்சையே குறிக்கும். நத்தார்சியா சிறு கிழிசல், உபிடெக் தாள் போய்விட்ட இடம், ஸ்வோஜோனி மடித்து வைத்தது, ருலோன் சுருட்டி வைத்தது. டுப்லொவானி என்றால் பின்னால் துணியோ தாளோ ஒட்டிப் பலப்படுத்தியது. நல்ல கைவேலையாக இருந்தால் அது குறையல்ல, ஆனால் பின்பக்கத்தைப் பார்க்கும் வாய்ப்பு போய்விடுகிறது. நிலையைச் சொல்லும் பேதேபே "மிக நன்று", தேபே "நன்று". இந்த "நன்று" சில விற்பனையாளர்களிடம் மிகத் தாராளமாகப் புழங்கும் சொல் என்பதை நினைவில் வையுங்கள்.

விளம்பரத்தில் ஒரே ஒரு புகைப்படம்தான் இருந்தால் அடி ஓரத்தின் நெருக்கப் படம், முழுப் பின்பக்கம், நான்கு மூலைகள் ஆகியவற்றைக் கேளுங்கள். "இது படம் வெளியானபோது அச்சான பிரதியா, எந்த ஆண்டு, சென்டிமீட்டரில் அளவு என்ன" என்பதை அந்தத் தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தகராறு வந்தால் தொலைபேசியில் சொன்னதை நிரூபிப்பது கடினம். நிறுவனமாகப் பதிவு செய்தவரிடம் தொலைவிலிருந்து வாங்கினால் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பும் உரிமை உண்டு. தனிநபரிடம் வாங்கினால் இல்லை. ஏலக்கூடத்திலும் அது இல்லை என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

7. சீட்டும் வரியும்

கடையில் பில் போட்டதும் கையில் தரும் சிறு சீட்டு பராகோன். வாங்குபவர் பெயரோடு தருவது ஃபக்டூரா. எப்போதும் ஃபக்டூராவையே கேளுங்கள், அதுவும் பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். அதில் வெறும் "சுவரொட்டி" என்று எழுத விடாமல், ஓவியர் பெயர், படத்தின் போலிஷ் பெயர், ஆண்டு, "அசல்" என்ற சொல் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். பிற்பாடு விற்கவும், காப்பீடு செய்யவும், நாட்டை விட்டு எடுத்துச் செல்லவும் இந்த ஒரு வரிதான் உதவும். தனிநபரிடம் வாங்கினால் உமோவா குப்னா-ஸ்ப்ஷெடாஜி எனப்படும் ஒரு பக்க விற்பனை ஒப்பந்தத்தில் இருவரும் கையொப்பமிடுங்கள்.

பலருக்கும் தெரியாத பொறி ஒன்று உண்டு. போலந்தில் தனிநபரிடமிருந்து 1,000 ஸ்லோட்டிக்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை வாங்கினால், வாங்கியவர்தான் 2 விழுக்காடு வரி கட்ட வேண்டும். பிசிசி-3 என்ற படிவத்தை 14 நாட்களுக்குள் வரி அலுவலகத்தில் கொடுத்து, பணத்தையும் அந்தக் கெடுவுக்குள் செலுத்த வேண்டும். 1,500 ஸ்லோட்டித் தாளுக்கு இது 30 ஸ்லோட்டிதான். தொகை பெரிதில்லை, கெடுவைத் தவறவிட்டால் வரும் தலைவலிதான் பெரிது. மதிப்புக்கூட்டு வரி பதிவுள்ள கடையில் ஃபக்டூராவோடு வாங்கும்போது இந்தப் படிவம் தேவையில்லை.

8. போலந்தை விட்டு வெளியே கொண்டு செல்லும் முன்

2003-ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் அசல் சுவரொட்டிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 50 ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்து, மதிப்பும் 16,000 ஸ்லோட்டிக்கு மேல் இருந்தால்தான் ஏற்றுமதி அனுமதி வேண்டும். இரண்டு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும். நாம் வாங்கும் தாள்கள் அந்த விலையை எட்டுவதில்லை. ஆனாலும் விமான நிலையத்தில் யாரேனும் கேட்டால், மதிப்பு வரம்புக்குக் கீழே என்று காட்ட அந்த ஃபக்டூராவே ஆதாரம். வரம்புகள் திருத்தப்படுவதுண்டு என்பதால், விலை உயர்ந்த தாளென்றால் பண்பாட்டு அமைச்சகத்தின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விலையைவிட முத்திரையே இங்கே முக்கியம். பின்பக்கத்தில் திரையரங்கு முத்திரை இருப்பது இயல்பானது, எனக்கு அது பிடிக்கும்கூட. அருங்காட்சியக, நூலக முத்திரையோ பதிவேட்டு எண்ணோ இருந்தால் மட்டும், அது முறைப்படி நீக்கப்பட்டு விற்கப்பட்டதற்கான கடிதத்தைக் கேளுங்கள். கடிதம் இல்லையென்றால் எத்தனை மலிவானாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

9. கட்டுதலும் அனுப்புதலும்

தாளைக் குறுகிய பக்கமே குழாயின் நீளமாக அமையும்படி, கெட்டியான அட்டைக் குழாயில் சுருட்ட வேண்டும். குழாயின் விட்டம் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பழைய தாள் வெடிக்கக்கூடும். மேலே அமிலமற்ற மெல்லிய தாள், அதன் மேல் பிளாஸ்டிக் உறை, இரு முனைகளிலும் கசங்கிய தாள் அடைப்பு. "தயவுசெய்து மடிக்க வேண்டாம்" என்று விற்பவருக்கு எழுதிவிடுங்கள், சொல்லாவிட்டால் மடித்து உறையில் போட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். உள்நாட்டில் இன்போஸ்ட் நிறுவனத்தின் தானியங்கிப் பொதிப் பெட்டிகளின் பெரிய அறை 41-க்கு 38-க்கு 64 சென்டிமீட்டர் என்பதால், ஏ1 தாளின் குழாய் அதில் நேராக நுழைந்துவிடும். பி1-க்குக் கூரியர் சொல்வதே பாதுகாப்பு.

இந்தியாவுக்கு அனுப்பினால் சுங்கப் படிவத்தில் "அச்சிட்ட சுவரொட்டி" என்றும், 4911 என்ற பண்டக் குறியீட்டையும், உண்மையான விலையையும் எழுதச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் சிலர் "பழம்பொருள்" என்று எழுதிவிடுவார்கள். சுங்க வகைப்பாட்டில் பழம்பொருள் என்பது நூறாண்டு கடந்தது, நம் தாள் அதில் சேராது, வீண் விசாரணைதான் மிஞ்சும். "அன்பளிப்பு" என்று எழுதுவதாலும் வரி தப்பாது. பெறுபவர் தரப்பில் கூரியர் நிறுவனம் அடையாள ஆவணத்தைக் கேட்கும், எனவே ஆதார் அல்லது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். ஃபக்டூராவின் நகலைக் குழாயின் வெளிப்பக்க உறையிலும் உள்ளேயும் வையுங்கள்; அது இல்லாததால் சுங்கத்தில் வாரக்கணக்கில் தங்கிப்போன பொதிகள் உண்டு. ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவதே எளிது, ஆனால் குழாயைக் கைச்சுமையாக ஏற்பார்களா என்பதை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

10. வந்து சேர்ந்த பிறகு

பொதியைப் பிரிப்பதைக் கைபேசியில் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். சேதத்துக்கு இழப்பீடு கேட்க அது நல்ல ஆதாரம். உடனே விரிக்க முயலாமல் ஒரு நாள் அறையில் வைத்து, பிறகு சுத்தமான தாள்களுக்கு இடையே, மேலே தட்டையான பாரம் வைத்து ஒரு வாரம் விடுங்கள்.

நம் ஊரில் மதிப்பெண் சான்றிதழ் முதல் கல்யாணப் பத்திரிகை வரை எல்லாவற்றையும் லேமினேட் செய்து வைக்கும் பழக்கம் இருக்கிறது. சுவரொட்டிக்கு அதைச் செய்தால் அந்த நிமிடமே அதன் விலை போய்விடும். ஒட்டு நாடாவும் அப்படியே, மஞ்சள் கறை தாளுக்குள் இறங்கிவிடும். கிழிசல் இருந்தால் காகிதம் சீர்செய்வோரிடம் கொடுங்கள், அல்லது அப்படியே விட்டுவிடுங்கள். சட்டமிட்டால் கண்ணாடி தாளைத் தொடாமல் இடையே அமிலமற்ற அட்டை ஓரம் வேண்டும். வெயில் படாத சுவர் வேண்டும். வார்சாவில் ஏ1 அளவுக்கு இத்தகைய சட்டம் பல நூறு ஸ்லோட்டி ஆகலாம், மலிவான தாள்களைப் பொறுத்தவரை அது சுவரொட்டியின் விலையையே தாண்டும். நான் பெரும்பாலானவற்றைச் சட்டமிடுவதில்லை, தட்டையான பெரிய கோப்புறைகளிலேயே வைக்கிறேன். சென்னை போன்ற கடலோர ஊர்களில் வைப்பதானால் வெளிச்சுவரில் மாட்டாமல், கோப்புறையோடு சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாங்கிய தேதி, விலை, ஃபக்டூரா எண் ஆகியவற்றைத் தாளின் பின்புறத்தில் எழுதாமல், பென்சிலால் கோப்புறையின் மேல் எழுதி வையுங்கள்.